வாசலை விடாத அப்பா

இந்த நினைவு மலர் உங்கள் கைக்கு வரும்போது எங்கள் அப்பா மறைந்து ஓராண்டு ஆகியிருக்கும். "கூட இருந்தவ நீதான், நீயே எழுது" என்று அண்ணன் சொல்லிவிட்டார். எழுதுகிறேன். அலங்காரமாக எழுத உடம்பில் தெம்பில்லை, பொறுத்துக்கொள்ளுங்கள்.

அப்பா கோலார் தங்கவயலில் ஒரு சுரங்கத் தொழிலாளியின் மகனாகப் பிறந்தார். கால்பந்துதான் அவரைப் பெங்களூருக்குக் கூட்டி வந்தது. ஒரு தொழிற்சாலை அணியில் தடுப்பாட்டக்காரராகச் சேர்ந்து, பிறகு சம்பளத்துக்கு ஆடும் கிளப்புகளிலும் ஆடி, ஸ்ரீராம்புரத்தில் வீடு பிடித்து எங்களை வளர்த்தார். கோல் அடித்தவர்களின் படம்தான் பேப்பரில் வரும். அப்பா அதற்காகக் குறைபட்டதில்லை. காய்ச்சலோடும் ஆடினார், தையல் போட்ட நெற்றியோடும் ஆடினார். ஆட்களைத் தேர்ந்தெடுக்கும்போது கோச் அவர் பெயரைத்தான் முதலில் எழுதுவாராம். "உங்க அப்பா முன்னாடி நின்னா எனக்கு வேலையே இல்லம்மா" என்பார், அதே அணியில் கோல்கீப்பராக இருந்த தாஸ் மாமா.

அம்மா போன பிறகு அப்பாவுக்கு ஞாபகம் தப்ப ஆரம்பித்தது. பந்தைத் தலையால் முட்டி முட்டி வந்ததாக இருக்கலாம் என்றார் டாக்டர், உறுதியாகச் சொல்லவில்லை. என் பெயர் போயிற்று, சாப்பிட்டது மறந்தது. ஆட்டம் மட்டும் போகவில்லை.

எலெக்ட்ரானிக் சிட்டிக்கு என்னை ஏற்றிப்போகும் கம்பெனி வண்டி காலையில் வரும். பகலில் அப்பாவை எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பம் பார்த்துக்கொள்ளும். நான் செருப்பை மாட்டினால் போதும், அப்பா வாசலில் முழங்காலை மடக்கி நின்றுவிடுவார். முகத்தைப் பார்க்க மாட்டார்; பந்தைப் பார்ப்பதுபோல் டிபன் பையையே பார்ப்பார். இடப்பக்கம் நகர்ந்தால் அவரும் நகர்வார். "எங்க போற? என்னைத் தாண்டிப் போயிடுவியா?" பெரிய பெரிய ஃபார்வர்டுகளே திணறியிருக்கிறார்கள், நான் எம்மாத்திரம்? தெருமுனையில் வண்டி ஹாரன் அடிக்கும். சில நாள் அழுகையே வந்துவிடும். தாமதத்துக்காக ஆபீஸில் எச்சரித்துவிட்டார்கள். வேலை போனால் வீடு நடக்காது. "முதியோர் ஹோம்ல சேர்த்துடலாம்மா" என்று ஓசூரிலிருந்து அண்ணன் போன் செய்துகொண்டே இருந்தார். அவர் சொன்னதிலும் தப்பில்லை.

அப்போதுதான் ஒரு காலை தாஸ் மாமா வந்தார். நாங்கள் வாசலில் மல்லுக்கு நிற்பதைப் பார்த்துவிட்டு, தெருவில் நின்றபடியே கத்தினார்: "டேய், விடுடா! ஆஃப்சைடு! ரெஃப்ரி ஊதிட்டாரு!"

அப்பா சட்டென்று ஒரு கையை உயர்த்தினார். ஆட்டம் நின்றுவிட்டதென்று உடம்பு தளர்ந்து, ஒதுங்கி நின்றார். நான் ஓடினேன்.

அதன்பிறகு மாமா தினமும் வந்தார், மழையிலும். கத்திவிட்டு, நான் திரும்பும் வரை அப்பா பக்கத்திலேயே உட்கார்ந்திருப்பார். கஷ்டமாக இல்லையா என்று கேட்டால், "வீட்ல இருந்தா மருமக ரேஷன் கடைக்குத் தொரத்துவா, இங்கயே இருக்கேன் விடு" என்பார். ஹோம் பேச்சு நின்றது.

கடைசி நாட்களில் அப்பா படுக்கையோடு இருந்தார். ஒரு காலை செருப்பை மாட்டிக்கொண்டு நின்றேன். அவரால் எழ முடியவில்லை. கண் மட்டும் பையைத் தொடர்ந்து வந்தது. மாமா கத்தாமல், என் கையிலிருந்து பையை வாங்கிக் கீழே வைத்தார். அன்று நான் வேலைக்குப் போகவில்லை. மாலையில் அப்பாவின் மூச்சு நின்றது.

அப்பாவைத் தோளில் சுமந்த பழைய அணித் தோழர்களுக்கும், அன்று எல்லோருக்கும் சோறு வடித்த எதிர்வீட்டுக் கன்னடக் குடும்பத்துக்கும், ஹாரன் அடித்தாலும் விட்டுப்போகாத டிரைவருக்கும், தாஸ் மாமாவுக்கும் நாங்கள் கடமைப்பட்டிருக்கிறோம். "தெய்வம் மாதிரி பாத்துக்கிட்ட" என்கிறீர்கள். இல்லை, களைத்துப்போயிருந்தேன். அந்தக் களைப்பு இன்னும் தீரவில்லை. இப்போது வாசலில் யாரும் என்னைத் தடுப்பதில்லை. ஆனாலும் செருப்பை மாட்டியதும் அங்கேயே நின்றுவிடுகிறேன்; தினமும் வண்டிக்குத் தாமதமாகத்தான் போகிறேன்.