நாற்பதும் நாற்பத்திரண்டும்: ஆம்பூரில் ஒரு ஷூ வேட்டை

சொந்த ஊரில் கடைக்குப் போவதற்கெல்லாம் பயணக் கட்டுரையா என்று கேட்பவர்கள் ஆம்பூரில் ஷூ வாங்கியதில்லை என்று அர்த்தம். பிறந்ததிலிருந்து இங்கேதான் இருக்கிறேன். தோலைத் தொட்டுப் பார்த்தே ஆடா மாடா என்று சொல்லிவிடுவேன். அந்தத் தெம்பில்தான் போன வெள்ளிக்கிழமை என் நண்பன் இளங்கோவை வரச் சொன்னேன்.

இளங்கோ அணைக்கட்டில் உரக்கடை வைத்திருக்கிறான். சின்ன வயதில் வந்த காய்ச்சலால் அவனுடைய ஒரு கால் மற்றதைவிட இரண்டு அளவு சின்னது. பெரிய காலுக்கு ஷூ வாங்கி, சின்ன காலுக்குப் பஞ்சு அடைத்துக்கொள்வான். தம்பி கல்யாணத்தில் மேடைப்படி ஏறும்போது அந்த ஷூ கழன்று உருண்டது. வீடியோவில் இன்றைக்கும் இருக்கிறது. அந்த வெள்ளிக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை வேலூரில் அவன் மகளுக்கு ரிசப்ஷன். "நான் பந்திய கவனிச்சிக்கிறேன், மேடைக்கு வேற யாராச்சும் நிக்கட்டும்" என்று சொல்லியிருக்கிறான். "நீ ஏறலன்னா நானும் ஏற மாட்டேன்பா" என்றிருக்கிறாள் அவள். இதைக் கேட்டபின் என்னால் சும்மா இருக்க முடியவில்லை.

காலை ஆறரைக்குக் கிளம்பி, வேலூரில் பஸ் மாறி, ஒன்பது மணிக்கு ஆம்பூரில் இறங்கினான். கடைகள் பத்துக்குமேல்தான் திறக்கும் என்பதால் டீ குடித்துவிட்டு மெதுவாக நடந்தோம். பஸ் ஸ்டாண்டிலிருந்து பெங்களூர் போகும் பக்கமாக ஒன்றரை கிலோமீட்டர் தூரத்துக்கு வரிசையாக ஷூ கடைகள். வெளிநாட்டுக்குப் போக வேண்டிய சரக்கில் மிஞ்சியதும், சின்னக் குறைக்காக ஒதுக்கியதும் இங்கே வரும். உள்ளே எழுதியிருப்பது வெளிநாட்டு அளவு. இளங்கோவுக்கு ஒரு கால் நாற்பது, ஒரு கால் நாற்பத்திரண்டு.

முதல் மூன்று கடைகளிலும் ஒரே பதில்தான். ஜோடியை உடைக்க மாட்டார்கள். நான்காவது கடை ரபீக் பாயுடையது. பத்து வருடப் பழக்கம். மகள் ரிசப்ஷனுக்கு என்று சொல்லியும் அவரும் கையை விரித்தார். "நீங்க கேட்டாலும் இல்ல சார். மிச்சம் ரெண்ட நான் யாரு தலையில கட்றது?"

இளங்கோ என் சட்டையை இழுத்தான். "உடுறா. ஜாஸ்தி கேக்காத. பஞ்சே போதும்." குரல் இறங்கியிருந்தது. எனக்குக் கோபமாகவும் வந்தது, பாவமாகவும் இருந்தது.

பாய் அவன் முகத்தைப் பார்த்தார். பிறகு மூலையில் இருந்த ஒரு சாக்கைக் காட்டினார். ஷூ கம்பெனியில் செக்கிங்கின்போது குறை என்று ஒரு கால் ஷூவை ஒதுக்கிவிட்டால், நன்றாக இருக்கும் இன்னொரு கால் தனியாகிவிடும். அப்படிப்பட்ட ஒற்றைகள் சாக்கு நிறைய இருந்தன. அந்நேரம் பார்த்து மகளிடமிருந்து போன் வர, இளங்கோ வெளியே போனான். "சின்ன கால் எந்தப் பக்கம்?" என்றார் பாய். "வலது" என்றேன், சந்தேகமே இல்லாமல்.

அரை மணி நேரம் சாக்கில் தலையை விட்டுத் தேடினோம். கடைசியில் ஒரே மாடலில் கரும்பழுப்பு வலது நாற்பது, இடது நாற்பத்திரண்டு! வளைத்தோம், தையலை எண்ணினோம், முகர்ந்துகூடப் பார்த்தோம். கம்பெனியில் செக்கிங் வேலை செய்யும் ஒரு அக்கா, கடைக்கு வந்தவர், சும்மா இருக்காமல் இரண்டையும் பிடுங்கி வாசலுக்குக் கொண்டுபோனார். "ட்யூப்லைட்ல எல்லாம் ஒரே கலர்தான் சார். வெயில்ல வச்சாத்தான் தெரியும்." வெயிலிலும் ஒரே நிறம். மூன்று பேரும் கப்பு ஜெயித்தமாதிரி சிரித்தோம்.

போனை வைத்துவிட்டு வந்த இளங்கோ கேட்டான், "ஷூவ எல்லாரும் பாத்தீங்க. நான் போட்டுப் பாக்கலாமா?"

போட்டான். வலது கால் நுழையவே இல்லை. இடது கால் உள்ளே நீந்தியது.

"எனக்கு சின்னது இடது காலுடா. இன்னாடா சொல்லி வச்ச?"

முப்பது வருடமாக அவனுக்கு எதிரே உட்கார்ந்துதான் பேசியிருக்கிறேன். என் வலப்பக்கம் அவனுக்கு இடது என்பது அன்றைக்குத்தான் உறைத்தது. ஆம்பூர்க்காரர்கள் மூன்று பேர் சேர்ந்து தோலைப் பார்த்தோம், காலைப் பார்க்கவில்லை. சாக்கைத் தரையில் கொட்டித் தேடினோம். எதிர்ப்பக்கம் ஒன்றுகூட இல்லை. மணி பன்னிரண்டேகால். தொழுகைக்கு நேரமாகி, பாய் ஷட்டரைப் பாதி இறக்கிவிட்டார். இளங்கோ தன் செருப்பைத் தேடி மாட்டிக்கொண்டான்.

"இருங்க" என்றார் பாய். அலமாரியிலிருந்து அதே மாடலில் இரண்டு முழு ஜோடிகளை எடுத்தார், ஒன்று நாற்பது, ஒன்று நாற்பத்திரண்டு. ஜோடிகளைச் சேர்த்துக் கட்டியிருந்த நூலைக் கத்தரியால் வெட்டினார். "பேஜாரா போச்சு சார். பொண்ணு கல்யாணம். போட்டுப் பாருங்க."

இளங்கோ கடைக்குள் நடந்தான், திரும்பினான், ஸ்டூல்மேல் ஒருமுறை ஏறி இறங்கினான். பிறகு இரண்டு ஜோடிக்கும் பணம் எடுத்தான். பாய் தொள்ளாயிரம் மட்டும் வாங்கிக்கொண்டார். "ஒரு ஜோடிதான போட்டுக்கினு போறீங்க?"

ஞாயிற்றுக்கிழமை மண்டபத்தில் அவன் குனிந்து பார்க்காமல் படி ஏறினான். கடைசி போட்டோ வரைக்கும் மகள் பக்கத்திலேயே நின்றான். பந்தியை நான் கவனித்தேன், சந்தோஷமாக.

நீங்களும் வருவதாக இருந்தால் வெள்ளிக்கிழமை வேண்டாம். மதியம் பன்னிரண்டரையிலிருந்து இரண்டரைவரை கடைகள் மூடியிருக்கும். நிறத்தை வாசலில் பாருங்கள். பிரியாணியை ஷூ வாங்கிய பிறகு வைத்துக்கொள்ளுங்கள், சாப்பிட்டால் நடக்க முடியாது. முக்கியமாக, உங்கள் காலை நீங்களே சொல்லுங்கள், நண்பனை நம்பாதீர்கள்.

இன்னொன்று. உங்களுக்கோ தெரிந்தவருக்கோ வலது கால் நாற்பது, இடது கால் நாற்பத்திரண்டு என்றால், வரிசையில் நான்காவதாக இருக்கும் பச்சை ஷட்டர் கடைக்குப் போங்கள். சாக்கிலிருந்து எடுத்தது ஒன்று, உடைத்ததில் மிஞ்சியது ஒன்று என்று கரும்பழுப்பில் இரண்டு ஜோடி இருக்கிறது. பாய் அவற்றைப் புது நூலால் கட்டிக் கல்லாவுக்கு மேலே தொங்கவிட்டிருக்கிறார். நேற்று ஒருத்தர் விலை கேட்டதற்கு, "அது வேற ஆளுக்கு. வருவாரு" என்றார்.