பதினெட்டு டிகிரியில் பிறந்த ஆண் மீன்கள்

ஆய்வுகூட வேலையில் சேர்ந்த இரண்டாவது கிழமை, நான் தனியாக விட்டிருந்த ஒரு மீனின் கோப்பையில் முட்டைகள் கிடந்தன. பயந்துபோனேன். யாரோ இன்னொரு மீனைக் கலந்துவிட்டார்கள் என்று நினைத்தேன்.

"மெடம், சத்தியமா ஒரு மீனைத்தான் விட்டன். வேற ஆரும் உள்ளுக்கு வரல்ல."

ஆராய்ச்சிக்குப் பொறுப்பான மெடம் கிழக்கிலங்கையின் திருக்கோவில் ஊர்க்காரர். அண்ணன் என்ற பொருளில் என்னை 'நானா' என்றுதான் கூப்பிடுவார். சிரித்துவிட்டார். "பயப்பிடாதீங்க நானா. இந்த மீனுக்குச் சோடி தேவையில்ல. ஒரே உடம்புக்குள்ள முட்டையும் விந்தும் இருக்கு. தானே கருக்கட்டிப் போடும்."

அது நம் கடலோரக் களப்பில் வாழும் மீன் அல்ல. கரீபியன் பக்கத்துக் கண்டல் காட்டுச் சேற்றில் வாழ்வது. அனுமதி எடுத்துக் கொண்டுவந்திருந்தார்கள். சுண்டுவிரல் நீளம்தான் இருக்கும். தலைமுறை தலைமுறையாகத் தானே கருக்கட்டுவதால் தாயும் குஞ்சும் ஒரே மரபணுவோடு இருக்கும். அப்படி ஒரே வழியில் வந்தவற்றை 'லைன்' என்போம். எங்களிடம் ஏ, பி என இரண்டு லைன் இருந்தன.

மருதமுனையில் வீட்டுக்குப் போய் இதைச் சொன்னேன். "இஞ்சருங்க, அப்ப அதுகளுக்கு மாப்பிள்ளை தேடுற வேலையே இல்ல" என்றாள் மனைவி.

மெடமோ மாப்பிள்ளைதான் தேடிக்கொண்டிருந்தார். ஏ லைனில் ஓர் ஆண் கிடைத்தால் பி லைனோடு சேர்த்து, இரண்டும் கலந்த குஞ்சைப் பெற வேண்டும். "எல்லாம் ஒரே மாதிரி இருந்தா, ஒரு நோய் வந்தா எல்லாத்தையும் ஒண்டாக் கொண்டு போயிரும். கலந்தா சிலதாவது தப்பும்" என்பார். ஆனால் இந்த மீனில் ஆண் அபூர்வம். இரண்டு வருடம் பார்த்தும் ஒன்றும் வரவில்லை.

ஒரு திங்கட்கிழமை, மாணவி ஒருவரின் பாசி வளர்ப்புக்காக இன்கியுபேட்டரைப் பதினெட்டு டிகிரிக்கு இறக்கியிருந்தேன். அவர் தன் போத்தல்களை எடுத்துப் போனதும் ஏ லைன் முட்டைகளை உள்ளே வைத்தேன். திரும்ப இருபத்தைந்துக்கு ஏற்ற மறந்துவிட்டேன். மூன்று கிழமையாக, மீட்டரைப் பார்க்காமலே, வெப்பநிலை பதியும் லொக் புத்தகத்தில் '25' என்று எழுதி வந்தேன்.

அதன் பிறகுதான் பிழை கண்ணில் பட்டது. குமிழைத் திருப்பிவிட்டால் யாருக்கும் தெரியாது. நண்பகல் லுஹர் தொழுதுவிட்டு வந்து மெடத்திடம் சொல்லிவிட்டேன்.

"மீட்டரைப் பாக்காமலா எழுதினீங்க?"

"ஓம் மெடம். இருவத்தொரு நாளும்."

அவர் முகம் கறுத்தது. ஒவ்வொரு வரியையும் வெட்டி, '18, பிந்தித் தெரிந்தது' என்று எழுதி ஒப்பமிடச் சொன்னார். இருபத்தொரு ஒப்பம் வைத்தேன். முட்டைகளை எறியப்போனேன். தடுத்தார்.

"குளிர்ல வளந்தா ஆண் வரும் எண்டு சொல்லுவாங்க. நான் ஒருக்கா வச்சுப் பாத்தன், எல்லாம் பழுதாப் போச்சு. இது நல்லா இருக்கு. பொரிக்குமட்டும் பதினெட்டிலயே இருக்கட்டும்."

பொரித்து நாலைந்து மாதத்தில் மூன்று மீன்கள் செம்மஞ்சளாக மாறின. வாலடியில் இருந்த கறுப்புப் பொட்டும் மங்கியது. நான் கூப்பிட்டதும் மெடம் செருப்பைக்கூடப் போடாமல் ஓடிவந்தார்.

"ஆண் நானா! மூண்டும் ஆண்!"

ஒவ்வோர் ஆணையும் ஒரு பி மீனோடு விட்டோம். பி மீன் தன் முட்டையைப் பெரும்பாலும் தானே கருக்கட்டிவிடும். எப்போதாவது கருக்கட்டாத முட்டை ஒன்றை இட்டால்தான் ஆணுக்கு வாய்ப்பு. குஞ்சுகளின் வால் நுனியில் சிறு துண்டு எடுத்து, மரபணுவைப் பிரித்து, அது கோடுகளாகத் தெரியும்படி ஜெல்லில் ஓட்டினோம். தானே கருக்கட்டியதற்கு ஒரு கோடு, கலந்ததற்கு இரண்டு கோடு. முதல் முப்பது குஞ்சுகளும் ஒற்றைக் கோடுதான். மெடம் அடுத்த ஜெல்லுக்கு ஆயத்தம் செய்யச் சொன்னார்.

நாலாவது ஜெல்லை யூவி வெளிச்சத்தில் வைத்தேன்.

"மெடம், ஏழாவது குஞ்சுல என்ட கண்ணுக்கு ரெண்டு தெரியிது. கண்ணாடி பிழையோ?"

குனிந்து பார்த்தார். "ரெண்டுதான் நானா! ஒண்டு தாய்ட, மற்றது தகப்பன்ட!"

"மாஷா அல்லாஹ்!" என்று நான் போட்ட சத்தத்தில் பக்கத்து அறைக்காரர்கள் ஓடிவந்தார்கள். மறுநாள் ஆய்வுகூடம் முழுவதற்கும் எங்கள் வீட்டு வட்டிலப்ப இனிப்பு.

அதன்பின் வேண்டுமென்றே பதினெட்டில் முட்டை வைத்தோம். மறுபடியும் ஆண்கள் வந்தன. நான் '25' என்றே விட்டிருந்தால், அந்த மூன்று ஆண்களும் எப்படி வந்தன என்று இன்றுவரை யாருக்கும் தெரிந்திராது. புதிதாக இந்த வேலைக்கு வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: பிழை விட்டால் அன்றே சொல்லுங்கள், நடந்ததை நடந்தபடி எழுதுங்கள். அடுத்த முறை அதையே திரும்பச் செய்து பார்க்க வேறு வழியில்லை.