ஒரு வஞ்சிரத்துக்கு என்ன மொய்?

எங்கள் தெற்கத்திப் பக்கத்தில் மொய் என்பது லேசுப்பட்ட காரியம் இல்லை. ஒருத்தர் பத்து செய்தால் நாம் பதினொன்றாகத் திருப்ப வேண்டும். குறைந்தால் மானம் போகும். ரொம்பக் கூடினாலோ, செய்தவரை மட்டம் தட்டினதாக ஆகும். என் வீட்டுக்காரருக்கு இது தலைகீழ்ப் பாடம். ராயபுரத்தில் மளிகைக் கடை வைத்திருந்தவர் இல்லையா, கணக்கில் மனிதரை அசைக்க முடியாது. அவரையே ஒரு மீன் உலுக்கிவிட்டது.

சுதந்திரம் வந்து நாலைந்து வருஷம் இருக்கும். எங்களுக்கு மீன் கொண்டுவந்து போடும் அக்கா, திருவொற்றியூர்க் குப்பத்துக்காரி, மகள் கல்யாணத்துக்கு வெற்றிலை பாக்கு வைத்து அழைத்துவிட்டுப் போனாள். அதற்கு முந்தின வருஷம் நான் கல்யாணமாகி இந்த ஊரில் வந்து இறங்கி, பேச்சே புரியாமல் முழித்தபோது, என்னைக் 'கண்ணு' என்று கூப்பிட்ட முதல் ஆள் அவள்தான். அப்போது தெருக்காரர்களுக்கு நாங்கள் வைத்த விருந்துக்கு அவள் பணமாக எதுவும் செய்யவில்லை. என் இடுப்பு உயரத்துக்கு ஒரு வஞ்சிரத்தைத் தூக்கிவந்து முற்றத்தில் போட்டாள். காசு கொடுக்கப் போனதற்கு முறைத்தாள்.

இப்போது அந்த வஞ்சிரத்துக்கு மேலே கொஞ்சம் போட்டுத் திருப்ப வேண்டும். மீனுக்கோ விடிகாலையில் ஒரு விலை, வெயில் ஏறினால் ஒரு விலை, விளக்கு வைத்தால் இன்னொரு விலை. அவள் கொண்டுவந்தது சாயங்காலம், ஆகையால் சாயங்கால விலைதான் நியாயம் என்றார் இவர். மூன்று ரூபாயைத் தாண்டாதாம். எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அது ஐப்பசி அடைமழை, மீன் கண்ணால் காணக் கிடைக்கவில்லை, விடிகாலை விலையை இரட்டிப்பாகப் போடுங்கள் என்றேன். சோறு போடும்போதெல்லாம் இதே பேச்சு. மூன்று ரூபாயோடு என்னை அவள் பந்தலில் கொண்டுபோய் நிறுத்திவிடுவாரோ என்று நினைத்து அழுகையே வந்துவிட்டது எனக்கு.

கடைசியில் மனிதர் விசாரித்தே தீருவது என்று கடற்கரைக்குப் போனார். மீன் ஏலம் விடுகிறவர்களிடம் கையை இடுப்புக்கு நேரே வைத்துக் காட்டி, இத்தனை பெரிய வஞ்சிரம் முந்தின வருஷத்து ஐப்பசியில் என்ன விலை போயிருக்கும் என்று கேட்டிருக்கிறார். அது குப்பம் முழுக்கப் பரவ எத்தனை நேரம் ஆகும்? மறுநாள் கூடையை இறக்கும்போதே அக்காவுக்குச் சிரிப்பு.

"இன்னா அண்ணாச்சி, துன்ன மீனுக்கு இப்ப வெலை கேட்டுகினு கீறியாமே?"

இவர் மிளகாய் மூட்டைக்குப் பின்னால் எதையோ தேடுகிறவர்போல் குனிந்துகொண்டார். அவள் விடவில்லை. அன்றைக்கு அந்த மழையில் கட்டுமரம் தள்ளிப் போன அவள் புருஷனுக்கு அகப்பட்டதே அந்த ஒரு மீன்தான் என்றாள்.

"ஒரு நாளு பொயப்பு அது. அத்துக்கு இன்னா வெலை சொல்றது? நீங்க வந்து துன்னுட்டுப் போங்க, போதும்."

அவள் போன பிறகுதான் இவர் மூட்டைக்குப் பின்னாலிருந்து நிமிர்ந்தார். அப்புறம், "ஏளா, நாமளும் ஒரு நாள் பொழைப்பைச் செஞ்சிருவோம்" என்றார். எனக்கு அவர்மேல் ஆசையே வந்துவிட்டது. அந்த ஆசை ஆறுவதற்குள் காலண்டரைப் புரட்ட ஆரம்பித்துவிட்டார். அமாவாசையன்று வியாபாரம் மந்தமாம், அந்த நாளை எடுத்துவைக்கலாமாம். அவள் அன்றைக்குப் பிடித்த மீனைத்தான் கொடுத்தாள், கருவாடு கொடுக்கவில்லை, ஆகவே கல்யாணத்துக்கு முந்தின நாள் வியாபாரம்தான் மொய் என்று சொல்லிவிட்டேன். அது துறைமுகத்தில் சம்பளம் போடும் நாள். தெருவே வந்து மாதப் பாக்கியைத் தீர்க்கும். அவர் முகத்தைப் பார்க்கப் பாவமாகத்தான் இருந்தது, ஆனாலும் நான் இறங்கவில்லை.

அன்று ராத்திரி கடையை மூடினதும் கல்லாவை அப்படியே துண்டில் கவிழ்த்து முடிந்தார். மறுநாள் பந்தலில் மொய் எழுதுகிறவர் எவ்வளவு என்று கேட்டார். கடுகைக்கூட எண்ணிப் போடுவாரோ என்று நான் கேலி செய்த மனிதர் தலையைச் சொறிந்தார்.

"எண்ணலை. ஒரு நாள்னு எழுதிக்கிடுங்க."

எழுதுகிறவருக்கு ஒன்றும் விளங்கவில்லை. பக்கத்தில் நின்ற அக்காவுக்கு விளங்கிவிட்டது. எதற்கும் சிரிக்கிறவள் சிரிக்காமல் என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

மறுநாள் காலை கடை திறந்தால் கல்லாவில் சில்லறைக்குக் காலணா இல்லை. உள்ளே வந்து என்னிடம் கையை நீட்டினார். முந்தானை முடிச்சை அவிழ்த்துக் கொடுத்தேன், திருப்பும்போது மேலே ஒரு ரூபாய் வைத்துத் திருப்ப வேண்டும் என்று சொல்லித்தான்.