துரையின் காரும் அருளப்பனின் சாட்சியும்

அருளப்பன் போய்விட்டார் என்ற செய்தியை ஆபீசுக்குக் கொண்டுவந்தவன் பியூன் முனுசாமி. "நம்ம அருளப்பன் சாரு பூட்டாரு சார். காலைல கோயிலுக்குக் கெளம்பினவரு வாசப்படியிலயே குந்திக்கினாராம். அவ்ளோதான்," என்றான். நான் காபித் தம்ளரை வைத்துவிட்டு எழுந்தேன். அதற்குள் மேனேஜர் தன் அறையிலிருந்து எட்டிப் பார்த்தார். "அடடா, பாவம். ஹாலில் மாட்டுகிற மாதிரி அவர் போட்டோ ஏதாவது இருக்கிறதா, பாருங்கள்," என்றார். அந்த மனிதரைப் பல வருஷம் பழைய மேஜை நாற்காலிகள் போட்டு வைத்த பின்கட்டு அறையில் உட்கார வைத்தவர் இவர்தான். குடித்த காபி எனக்குத் தொண்டைக்கு மேலே வந்தது.

அருளப்பனோடு பழகிய உங்களுக்கு அவர் வேலை தெரியும். மற்றவர்களுக்காகச் சொல்கிறேன். ராயபுரத்தில் துறைமுகத்தை ஒட்டியிருந்த எங்கள் இன்ஷூரன்ஸ் கம்பெனிக் கிளையில் அவர் மோட்டார் இன்ஸ்பெக்டர், நான் பக்கத்து மேஜை. யுத்தம் முடிந்து கப்பல்கள் ஒழுங்காக வரத் தொடங்கியதும், பணக்கார வெள்ளைக்காரர்கள் சிலர் தங்கள் பழைய கார்களையும் கப்பலில் ஏற்றிக்கொண்டு தேசம் பார்க்க வந்தார்கள். தாத்தா காலத்துக் கார்கள். பித்தளை விளக்கு, ரப்பர் பந்து வைத்த ஹாரன். அவர்கள் ஊரில் எடுத்த பாலிசி கடல் தாண்டினால் செல்லாது. யார் மீதாவது ஏற்றிவிட்டால் நஷ்டஈட்டுக்கு நாங்கள் பொறுப்பு என்று இந்த ஊர்க் கம்பெனி ஒன்று எழுதிக் கொடுத்தால்தான் கார் துறைமுகக் கேட்டைத் தாண்டலாம். அந்தச் சீட்டுக்குக் கவர் நோட் என்று பெயர். அதற்காக எங்களிடம் வருவார்கள்.

மற்ற கம்பெனிக்காரர்கள் பானெட்டைத் திறந்து பார்த்து, துரையின் லைசென்சைப் புரட்டிவிட்டுக் கையெழுத்துப் போட்டுவிடுவார்கள். அருளப்பன் காரிலேயே ஏறி உட்கார்ந்துகொள்வார். துறைமுகத்துக் கிடங்குகளுக்கு நடுவே, கூலிகள் சோற்றுக்குக் கிளம்புகிற நேரமாகப் பார்த்து, ஒரு சுற்று ஓட்டச் சொல்வார். "காருக்கு இன்னா, அது சொன்னபடி கேக்கும். இந்த ஆளு ஒரு மனுசனுக்காக நிப்பானான்னு பாக்கணும்," என்பார். நின்றவருக்குக் கவர் நோட் உண்டு. நிற்காதவர் லார்டாக இருந்தாலும் நடந்து போக வேண்டியதுதான். பலர் நின்றார்கள் என்பதையும் சொல்லிவிடுகிறேன். ஒரு கிழவர், கூடை சுமந்து வந்தவளுக்காக வண்டியை நிறுத்தித் தொப்பியைக் கழற்றினாராம். அதை அருளப்பன் ஒரு மாதம் சொல்லிக்கொண்டிருந்தார்.

நான் சொல்ல வந்த துரை வேறு ஜாதி. சிவப்பு நிறத்தில் ஒரு நீளமான கார் கொண்டுவந்திருந்தார். அருளப்பன் பின்னால் உட்கார்ந்திருக்க, மூட்டையோடு ஒரு கூலி குறுக்கே வந்தான். துரை ஹாரனைப் பிழிந்தாரே தவிர பிரேக்கைத் தொடவில்லை. கூலி மூட்டையைக் கீழே போட்டுவிட்டுச் சுவரோடு ஒட்டிக்கொண்டான். அதற்குப் பிறகுதான் துரை காரை நிறுத்தினார். இறங்கி, மூட்டைத் தூசு பட்ட மட்கார்டைக் கைக்குட்டையால் துடைத்தார். அருளப்பன் அங்கேயே இறங்கி வெயிலில் நடந்து ஆபீசுக்கு வந்தார். "முடியாது," என்றார் மேனேஜரிடம். "கார் தங்கமாட்டம் கீது சார். ஆனா ஓட்றவன் கண்ணுக்கு மனுசன் தெரியல. இவனுக்கு நாம பொறுப்பு ஏத்துக்கினா கலீஜ் நம்ம மேலதான் ஒட்டும்."

மேனேஜர் சிரித்தார். அன்று மதியம் எண்ணூர் பங்களா ஒன்றில் துரை கொடுக்கிற விருந்துக்கு அவருக்கும் அழைப்பு இருந்தது. "இந்தப் பழைய கார்க்காரர்கள் எல்லாம் ஒருவருக்கொருவர் வேண்டியவர்கள் அப்பா. ஒருத்தரைத் திருப்பி அனுப்பினால் ஒருத்தரும் வரமாட்டார்கள். நேரமாகிறது," என்று சொல்லி, எங்கள் இருவர் கண்ணெதிரிலேயே தன் கையால் கவர் நோட் எழுதி எடுத்துக்கொண்டு துறைமுகத்துக்குக் கிளம்பினார். அதைத் துரையிடம் கொடுத்துவிட்டு, அவருக்குப் பக்கத்துச் சீட்டில் மாப்பிள்ளை மாதிரி ஏறி உட்கார்ந்துகொண்டு போனார்.

திருவொற்றியூர் தாண்டியதும் தேசம்மாள் மேல் கார் ஏறியது. எண்ணூரில் மீன் எடுத்துத் தலையில் சுமந்து தெருத் தெருவாக விற்கிறவள். புருஷனைக் கடல் கொண்டுபோய்விட்டது, இரண்டு பெண் குழந்தைகள். அவள் நடந்தால்தான் அந்த வீட்டில் அடுப்பு எரியும். ஹாரன் சத்தம் கேட்டு எந்தப் பக்கம் ஒதுங்குவது என்று தெரியாமல் நின்றிருக்கிறாள். துரை இறங்கியதும் முதலில் பித்தளை விளக்கைத் தடவிப் பார்த்தார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மேனேஜர் ஒரு ரிக்‌ஷாவைப் பிடித்து ஆபீசுக்குத் திரும்பிவிட்டார். தேசம்மாளின் வலது காலை முழங்காலுக்குக் கீழே எடுத்துவிட்டார்கள்.

இதற்கே உங்களுக்குக் குமட்டினால், இனிமேல் வருவது அதைவிட மோசம். துரை அடுத்த கப்பலில் போய்விட்டார். தேசம்மாளின் அண்ணன் வழக்குப் போட்டான். கம்பெனி வக்கீலும் மேனேஜரும் அருளப்பனை அறைக்குக் கூப்பிட்டு நாற்காலி போட்டு உட்கார வைத்தார்கள். வெற்றிலைத் தட்டைக்கூட நகர்த்தி வைத்தார்கள். இன்ஸ்பெக்டர் சம்மதிக்காத காருக்குக் கவர் நோட் செல்லாது என்று வாதாடப் போகிறோம், ஆகவே நீர் மறுத்ததைக் கோர்ட்டில் சொன்னால் போதும் என்றார்கள். "உள்ளதைத்தானே சொல்லச் சொல்கிறோம்? பொய் சொல்லச் சொல்லவில்லையே," என்றார் மேனேஜர். அன்று காதில் வாங்காமல் சிரித்தாரே, அந்த மறுப்பு இப்போது அவருக்குச் சர்க்கரையாக இனித்தது. அருளப்பன் வெளியே வந்து பின்பக்கக் குழாயடியில் நெடுநேரம் வாய் கொப்பளித்தார். "நா உண்மைய சொன்னா அந்தப் பொம்பளைக்கு ஒண்ணும் கெடைக்காதாம்யா சுந்தரம். என் உண்மைய எடுத்து இவனுங்க அழுக்கத் தொடச்சிக்கிறானுங்க," என்றார்.

கோர்ட்டில் நானும் இருந்தேன். தேசம்மாள் கடைசி பெஞ்சில், ஊன்றி நடக்கிற கட்டையை மடியில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். "இந்தக் காருக்குக் கவர் கொடுக்க நீங்கள் மறுத்தீர்களா?" என்று கேட்டார் எங்கள் வக்கீல். "மறுத்தேன்," என்றார் அருளப்பன். போதும் என்று வக்கீல் உட்கார்ந்தார். அருளப்பன் கூண்டைவிட்டு இறங்கவில்லை. நீதிபதியைப் பார்த்து, "இன்னும் கொஞ்சம் இருக்கிறது ஐயா," என்றார். "நான் மறுத்ததைக் காதால் கேட்ட பிறகுதான் மேனேஜர் தம் கையால் கவர் நோட் எழுதிக் கொடுத்தார். விருந்துக்கு நேரமாகிறது என்றார். அதே காரில் அவரும் போனார்." எங்கள் வக்கீல் எழுந்து ஏதேதோ சொன்னார். நீதிபதி கையமர்த்திவிட்டு எழுதிக்கொண்டார்.

தீர்ப்பு தேசம்மாள் பக்கம் வந்தது. அந்தப் பணத்தில் அவள் ராயபுரம் ரயில்வே ஸ்டேஷன் பக்கம் ஒரு கருவாட்டுக் கடை போட்டாள். அருளப்பனுக்குப் பின்கட்டு அறை கிடைத்தது. கார்கள் வேறொருவர் பொறுப்புக்குப் போயின. அவரோடு பேசினால் மேனேஜர் கண்ணில் படுமே என்று, சேர்ந்து டீ குடித்தவர்கள்கூட அந்த அறைப் பக்கம் போவதை விட்டார்கள். அவர்கள் பெயரை எழுதக் கை துடிக்கிறது, வேண்டாம். அடக்கத்தன்று மூக்கைச் சிந்திக்கொண்டு முன்வரிசையில் நின்றவர்கள் அவர்கள்தான்.

அன்று கம்பெனி பெரிய மலர்வளையம் அனுப்பியிருந்தது. தலைமாட்டில் உட்கார்ந்திருந்த தேசம்மாள் அதைக் கட்டையால் ஓரமாகத் தள்ளினாள். "இன்னாத்துக்கு இது? உசுரோட கீறச்சொல்ல மூலையில குந்த வெச்சானுங்க, இப்ப பூ எடுத்துக்கினு வந்துகிறானுங்க. எங்க அருளப்பன் அண்ணன் மேல இது படவோணாம்," என்றாள். மேனேஜர் கேட்டுக்கொண்டேதான் நின்றார்.

மறுநாள் என்னைக் கூப்பிட்டார். கம்பெனி அச்சடிக்கிற ஆண்டு மலருக்கு அருளப்பனைப் பற்றி இரண்டு பக்கம் எழுதித் தரச் சொன்னார். "துரைக்கே முடியாது என்று சொன்னாரே, அதைக் கட்டாயம் போடுங்கள். நம் கம்பெனியின் நேர்மைக்கு அது ஓர் அடையாளம். அதற்கு மேல் விபத்து, கோர்ட்டு என்று போக வேண்டாம்." இத்தனை வருஷம் கழித்தும், அந்த மனிதர் செத்த பிறகும், அதே பாதியைத்தான் கேட்கிறார்.

மலருக்கு நான் எழுதவில்லை. நடந்ததை முழுசாக எழுதி இந்தப் பத்திரிகைக்குக் கொடுத்துவிட்டேன். நாளைக்கு எனக்கும் அந்தப் பின்கட்டு அறை கிடைக்கலாம். கிடைக்கட்டும். ஆபீசில் எல்லோருக்கும் எல்லாம் பழகிப்போயிற்று. அருளப்பனுக்கு மட்டும் கடைசிவரை குமட்டியது. அவரிடமிருந்து நான் எடுத்து வைத்துக்கொண்டிருப்பது அந்தக் குமட்டலைத்தான்.