ஆறு விரல் அத்தை

அத்தை இல்லாமல் அந்தப் படம் இல்லை. ரிங்லெட் என்கிற மலையூருக்கு மேலே எங்கள் எஸ்டேட்டில், காலை மூடுபனி மலைச்சரிவிலிருந்து கிளம்பும் நேரம். அப்பாவின் அக்கா, அதாவது என் அத்தை, தேயிலை வரிசைகளுக்கு நடுவே நின்று கொழுந்து வெட்டிக்கொண்டிருந்தார். பெரிய கத்தரி, அதன் ஒரு பக்கத்தில் வெட்டிய கொழுந்து விழுவதற்கு ஒரு பெட்டி. தலையில் துணி, அதன் மேல் தொப்பி. யாரோ என்னவோ சொல்ல, வேலையை நிறுத்தாமலே சிரித்தார். நான் கேமராவை அழுத்தினேன். அவ்வளவுதான். என் ஆன்லைன் கடையில் முதலில் விலைபோன படம் அதுதான்.

கடை என்றால் நான், ஒரு மடிக்கணினி, லைன் வீட்டின் முன்னறை. தலைநகர் கேஎல்-லில் டிப்ளோமா முடித்து வந்ததும், அப்பா தெரிந்தவர் மூலம் அங்கேயே ஓர் ஆபீஸ் வேலைக்குச் சொல்லி வைத்திருந்தார். “படத்த வித்து யாரும்மா பொழைக்கிறா?” என்பது அவர் கட்சி. கொஞ்ச நாள் கெஞ்சி வாங்கியிருந்தேன். அந்தக் கொஞ்ச நாளும் முடியப்போகிற நேரத்தில்தான் பிரிஞ்சாங்கில் விடுதி வைத்திருக்கும் ஒரு சீன முதலாளி, எங்கள் பேச்சில் தவுக்கே, எழுதினார். எல்லா அறைகளுக்கும் படம் வேண்டும், வரவேற்பறைக்கு அத்தை படம் வேண்டும், அதுவும் சுவர் நிறைய. நான் வீட்டுக்குள்ளேயே குதித்ததில் பக்கத்து வீட்டார் சுவரில் தட்டினார்கள். அந்த ஆர்டர் நிலைத்தால் நான் இங்கே. இல்லையென்றால் கேஎல்.

படத்தைத் திருட்டிலிருந்து காப்பாற்ற நான் பட்ட பாடு தனி. ஆரம்பத்தில் ஆர்வக்கோளாறில் முழு அளவுப் படங்களையே ஏற்றினேன். சுற்றுலாப் பக்கங்கள் அள்ளிக்கொண்டு போயின. பிறகு மூலையில் கடைப் பெயரைப் போட்டேன். மூலையை வெட்டிவிட்டு எடுத்துக்கொண்டார்கள். கோபத்தில் நடுவிலேயே குறுக்காகப் பெயரைப் போட்டேன். ஜொகூரிலிருந்து ஒரு வாடிக்கையாளர், “அந்த எழுத்து பிரிண்டிலும் வருமா?” என்று கேட்டுவிட்டுக் காணாமல் போனார். அத்தை வேறு பார்த்துவிட்டு, “என் நெஞ்சுல ஏண்டி லோரில எழுதற மாதிரி பேர எழுதி வச்சிருக்க?” என்று திட்டினார்.

கடைசியில் ஒரு வழிக்கு வந்தேன். இணையத்தில் சின்ன அளவுப் படம் மட்டும். கைபேசியில் பார்க்க அழகாக இருக்கும். சுவருக்குப் பெரிதாக்கினால் கட்டம் கட்டமாக உடைந்துவிடும். அசல் கோப்புகள் எல்லாம் ஒரு ஹார்ட் டிஸ்கில், இந்த மலைப்பனியில் பூஞ்சை பிடிக்காமல் சிலிக்கா பொட்டலங்களோடு டப்பாவில் கிடக்கும். இனி எவன் எடுத்தாலும் என்ன செய்துவிட முடியும் என்று நிம்மதியாக இருந்தேன்.

அந்த நிம்மதியின் நடுவில்தான் தவுக்கேயின் செய்தி வந்து விழுந்தது. கூடவே ஒரு போட்டோ. பிரிஞ்சாங்கின் இரவுச் சந்தையான பாசார் மாலாமில் ஒரு கடை. வாசலில் ஆள் உயரக் கேன்வாஸில் அத்தை. ‘இதே படம் இங்கே மலிவாகக் கிடைக்கிறது. மற்ற மலைப் படங்களும் இருக்கின்றன. நான் ஏன் உன்னிடம் வாங்க வேண்டும்? படம் உன்னுடையதுதானா?’ என்று மலாயில் கேட்டிருந்தார்.

விலை பற்றிக் கேட்டது பரவாயில்லை. அந்தக் கடைசிக் கேள்வியைத்தான் விட முடியாது. கைபேசியை எடுத்துக்கொண்டு அத்தை வீட்டுக்கு ஓடினேன். அத்தை கண்ணாடியை மாட்டி, இரண்டு விரலால் படத்தைப் பெரிதாக்கிப் பார்த்தார்.

“இது யாருடி?”

“நீங்கதான் அத்தை.”

“நானா? என் மூக்குத்தி எங்க? இவ என்னா இவ்ளோ வெள்ளையா இருக்கா?”

நானும் அப்போதுதான் உற்றுப் பார்த்தேன்.

“கையப் பாருடி. ஒண்ணு, ரெண்டு, மூணு… ஆறு! ஒரு வெரல் கூட இருந்தா நெறய வெட்டுவான்னு குடுத்தானா? இது என்னாது கையில, ஹேண்ட்பேக்கா? நான் என்னா ஹேண்ட்பேக் மாட்டிக்கிட்டா கொழுந்து வெட்டுறேன்?”

எனக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. நடந்தது புரிந்துவிட்டது. சின்னப் படத்தை எடுத்தவன், அதை ஏதோ ஓர் ஏஐ செயலியில் போட்டுப் பெரிதாக்கியிருக்கிறான். சின்னப் படத்தில் இல்லாத விவரங்களை அந்தச் செயலி தானாகக் கற்பனை செய்து நிரப்பியிருக்கிறது. அதற்கு எஸ்டேட் தெரியாது, கத்தரி தெரியாது, என் அத்தையைத் தெரியவே தெரியாது. கத்தரிப் பெட்டியை ஹேண்ட்பேக் ஆக்கிவிட்டது. நான் மறைத்து வைத்ததெல்லாம் வீண்போகவில்லை!

‘சனிக்கிழமை சாயங்காலம் அந்தக் கடைக்கே வாருங்கள், அங்கேயே காட்டுகிறேன்’ என்று தவுக்கேக்கு எழுதினேன். ‘சரி’ என்று ஒற்றை வார்த்தை வந்தது.

சனிக்கிழமை அப்பா வேனை எடுத்தார். அத்தை வேலைக்குப் போகிற உடுப்பிலேயே ஏறினார்.

“சேலை கட்டலயா அத்தை?”

“கல்யாணத்துக்கா போறோம்? படத்துல எப்படி இருக்கேனோ அப்படியே வரேன். நீ உன் வேலையப் பாரு.”

தொப்பியை மட்டும் பைக்குள் வைத்துக்கொண்டார்.

பாசார் மாலாமில் கூட்டம் பிதுங்கியது. சோளம் சுடுகிற புகையைத் தாண்டிப் போனால் அந்தக் கடை. தவுக்கே கைகளைக் கட்டிக்கொண்டு ஏற்கெனவே நின்றிருந்தார். கடைக்காரன் என் வயதுதான் இருப்பான். தாப்பாவிலிருந்து வருகிற தமிழ்ப் பையன். நான் வாயைத் திறப்பதற்குள் அத்தை முன்னால் போய்விட்டார்.

“படம் ஷோக்கா இருக்கே தம்பி. யாரு எடுத்தது?”

“நான்தான்க்கா. விடியறதுக்கு முன்னாடியே எழுந்து, பனியில நின்னு எடுத்தது. சும்மா கெடைக்காதுலா இந்த மாதிரி படம்.”

“அந்தப் பொம்பள யாரு?”

“அங்க வேல செய்யிற அம்மா. ரொம்ப நல்லவங்கக்கா. குளிருதேன்னு எனக்கு டீயெல்லாம் போட்டுக் குடுத்தாங்க.”

அத்தை நிதானமாகப் பையிலிருந்து தொப்பியை எடுத்தார். தலையில் வைத்தார். கேன்வாஸ் பக்கத்தில் போய் நின்று, படத்தில் இருக்கிற அதே சிரிப்பைச் சிரித்தார்.

“நான் எப்போடா உனக்கு டீ போட்டுக் குடுத்தேன்?”

பக்கத்துக் கடையில் ஸ்ட்ராபெரி விற்ற அம்மாதான் முதலில் சிரித்தார். பிறகு கூட்டமே சிரித்தது. பையன் அத்தையைப் பார்த்தான், படத்தைப் பார்த்தான், மறுபடி அத்தையைப் பார்த்தான். முகம் சிவந்துவிட்டது.

இப்போது என் முறை. டேப்லெட்டில் அசல் கோப்பைத் திறந்து தவுக்கேயிடம் நீட்டினேன். அவரே விரலால் பெரிதாக்கினார். மூக்குத்திக் கல் மின்னியது. இன்னும் பெரிதாக்கினார். நகத்தில் ஏறிய தேயிலைக் கறை, தொப்பி விளிம்பில் ஊக்கு, கத்தரிப் பெட்டியின் ஓரத்தில் ஒட்டியிருந்த ஓர் இலை. உடையவே இல்லை. அடுத்த படத்தைத் தள்ளிக் காட்டினேன். அதில் அத்தை, “போதும் போடி” என்று என்னைப் பார்த்துக் கையை ஓங்கிக்கொண்டிருந்தார். முந்தைய படத்தில் பனி இன்னும் ஒரு வரிசை கீழே கிடந்தது. படம் எடுத்தவளிடம்தானே முன்னும் பின்னும் இருக்கும்!

தவுக்கே டேப்லெட்டோடு கேன்வாஸ் அருகே போய் மூக்கு இடிக்கிற தூரத்தில் நின்றார். விரல்களை மலாயில் உரக்க எண்ணினார். “எனாம்” என்று ஆறாவதில் நிறுத்தியவர், வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்.

பையன் என்னிடம் குரலைத் தாழ்த்தினான். “சத்தியமா ஆன்லைன்ல ஒருத்தன் மொத்தமா வித்தான்க்கா. நான் பிரிண்ட் மட்டும்தான் போட்டேன்.”

“விடியறதுக்கு முன்னாடி எழுந்தது?”

“அது சும்மா… வியாபாரப் பேச்சுலா.”

அவனே ஏணி போட்டுக் கேன்வாஸ் அத்தையை இறக்கினான். அதற்குள் தவுக்கே என் பக்கம் திரும்பி, ஆர்டர் அப்படியே இருக்கிறது, வரவேற்பறைப் படத்தை இன்னும் பெரிதாகப் போடு என்றார். நான் அத்தைக்குச் சொன்னேன்.

“பெருசாவா? மாட்டுற அன்னைக்கு என்னைக் கூப்பிடச் சொல்லு. நேரா மாட்டுறாங்களான்னு பாக்கணும். அப்புறம் தம்பி, இந்த வெள்ளைக்காரிய நான் வீட்டுக்குக் கொண்டு போறேன்.”

கேன்வாஸ் வேனில் படுத்துக்கொண்டு வந்தது. பாதி வழியில் அப்பா, கண்ணாடியில் என்னைப் பார்க்காமலே கேட்டார்.

“அந்த கேஎல் ஆபீஸுக்கு என்னா சொல்றது?”

“வரலன்னு சொல்லுங்கப்பா.”

“ம்” என்றார். கொஞ்ச தூரம் போனபின், “பிரிண்ட் எல்லாம் ஏத்திட்டுப் போக இந்த வேன் பத்துமா?” என்றார். எனக்குக் கத்த வேண்டும்போல இருந்தது. ஜன்னலைத் திறந்து கத்தினேன்.

மறுநாள் காலை லைன் வீட்டு வாசலில், கடைப் பெயர் எழுதிய கதவுக்கு முன்னால் அத்தையை நிறுத்தினேன். கையில் என் பிரிண்ட், கட்டைவிரல் இரண்டும் அதன் ஓரத்தில் பளிச்சென்று தெரிய. பக்கத்தில் சுவரில் சாய்த்த ஆறு விரல்காரி. அந்தப் போட்டோவைக் கடையின் முகப்பில் போட்டு, ‘இதில் எது என் அத்தை?’ என்று எழுதினேன். பதில்கள் வந்து குவிந்தன. இப்போதெல்லாம் ஒவ்வொரு படத்தையும் அத்தை பிடித்துக்கொண்டிருக்கிற மாதிரிதான் ஏற்றுகிறேன். படத்தை மட்டும் உருவ முடியாது. எடுத்தால் அத்தையின் முறைப்பையும் சேர்த்து எடுத்துப் போக வேண்டும்.

ஒரு சுற்றுலாப் பக்கம் அப்படியும் எடுத்தது. கேட்காமல், என் பெயரைப் போடாமல். ஆனால் வாசல் கதவில் எழுதியிருந்த கடைப் பெயரை வெட்ட முடியவில்லை. வெட்டினால் அத்தையின் பாதி முகம் போய்விடும். அதைப் பார்த்துத் தேடி வந்தவர்களின் ஆர்டர்களைக் கட்டிக்கொண்டே அத்தையிடம் விஷயத்தைச் சொன்னேன்.

அத்தை கண்ணாடியைத் தேடினார். “எத்தன வெரலோட போட்டிருக்கான்?”

“அஞ்சுதான் அத்தை.”

“மூக்குத்தி?”

“இருக்கு.”

“அப்போ விடு. கொண்டு போகட்டும்.”