அப்பாவின் டிம்மர் பெட்டி

அஸ்தம்பட்டியில் பழைய நாடகச் சாமான்கள் சேர்க்கும் ஒருவர் வீட்டில், மேடை விளக்குகளை மங்கவைக்க அப்பா இயக்கிய அதே டிம்மர் பெட்டியைக் கண்டேன். சேகரிப்பாளர் சுவிட்சைப் போட்டதும் எழுந்த சுட்ட தூசியின் வாசனையில், இன்று கல்யாண மண்டபமாகிவிட்ட மல்லசமுத்திரம் நாடகக் கொட்டகை திரும்பி வந்தது; பகல் ஒத்திகையில் அப்பா இரும்புப் பிடிகளை ஒவ்வொன்றாக இறக்கி மேடையில் பொழுது சாய வைப்பார், நடுநடுவே கையைச் சட்டென்று உதறுவார், அதுதான் ஸ்டைல் என்று நானும் பெட்டியைத் தொட்டுத் தொட்டு உதறிக்கொள்வேன்.

மேடையில் யாரும் செருப்புப் போடமாட்டார்கள். எனக்கு மட்டும் அப்பா மாட்டிவிட்ட ரப்பர் செருப்பு, வெட்கமாக இருக்கும். நாடக வாத்தியார் ஒருநாள் கத்தினார்: "மேடையில செருப்பா? கழட்டச் சொல்லுங்க!"

"அவளுக்கும் சேத்து நான் கழட்டிட்டேனுங்க," என்றார் அப்பா.

"இதுல எர்த்தே இல்லாம இருந்துச்சுங்க," என்றார் சேகரிப்பாளர், பின்பலகையைக் காட்டி. "வெறுங்காலோட தொட்டா ஷாக் அடிச்சிருக்கும். எப்படித்தான் வேலை செஞ்சாங்களோ! இப்ப எர்த் போட்டுட்டேன், பயமில்லாம தொடுங்க."

கையை நீட்டினேன். தொடுவதற்கு முன்பே என் கை, அப்பாவின் கையைப் போலவே, உதறிக்கொண்டது.