ஒரே அடுப்பு என்று சொல்லிக் குடியிருந்தோம்

எனக்குச் சின்ன வயதிலிருந்தே வாய் சும்மா இருக்காது. கேட்டாலும் பதில் சொல்லுவேன், கேட்காவிட்டாலும் சொல்லுவேன். இந்த வாயால் இராமநாதபுரத்தில் நாங்கள் குடியிருந்த வீடு ஒருமுறை கையை விட்டுப் போகப் பார்த்தது. இப்போது சொன்னால் என் பிள்ளைகள் விழுந்து விழுந்து சிரிக்கிறார்கள். அன்றைக்கு எங்கள் வீட்டில் யாரும் சிரிக்கவில்லை.

எங்களுக்குச் சொந்த ஊர் பாம்பன். அய்யாவுக்கு ரயில்வேயில் வேலை. கடல் மேல் நிற்கிற பாலத்துக்கு வருஷம் பூராவும் பெயிண்ட் அடிக்கிற கூட்டத்தில் அவரும் ஒருவர். இந்த முனையில் ஆரம்பித்து அந்த முனைக்குப் போவதற்குள் இங்கே துருப்பிடித்துவிடும். அதனால் வேலை போய்விடும் என்ற பயம் மட்டும் கிடையாது, சம்பளம்தான் வாய்க்கும் வயிற்றுக்கும் சரியாக இருந்தது. ஊரில் எட்டாம் வகுப்புக்கு மேல் பள்ளிக்கூடம் இல்லை. அக்கா எட்டு முடித்ததும் சொந்தக்காரர்கள் எல்லோரும் அம்மாவை மாப்பிள்ளை பார்க்கச் சொன்னார்கள். அம்மா வீடு பார்க்கக் கிளம்பினாள்.

கன்னியாஸ்திரீகள் நடத்திய பெண்கள் பள்ளிக்கூடம் இராமநாதபுரத்துக்கு வெளியே, புதிதாக எழும்பிய ஒரு காலனியை ஒட்டி இருந்தது. வக்கீல்களும் டாக்டர்களும் ஆபீசர்களும் வீடு கட்டிக்கொண்ட இடம். கரண்டு உண்டு, தெருவிளக்கு உண்டு, எல்லாவற்றுக்கும் மேலே கிணற்றில் நல்ல தண்ணீர் உண்டு. எங்கள் சீமையில் நல்ல தண்ணீர் இருக்கிற வீட்டுக்கு என்ன வாடகை கேட்பார்கள் என்று சொல்ல வேண்டியதில்லை. அய்யாவின் சம்பளத்தில் பாதிக்கு மேல் அதற்கே போகும். டவுனுக்குள் மலிவாக வீடு கிடைக்கும் என்று அய்யா மெதுவாகச் சொல்லிப் பார்த்தார்.

“ரெண்டு மைலு கடைத்தெருவத் தாண்டி அவ நடந்து போயிட்டு நடந்து வரணுமா? அந்த நேரத்துல நாலு கணக்குப் போட்டுருவா” என்று அம்மா முடித்துவிட்டாள்.

முதல் இரண்டு வருஷம் அம்மாவின் காதிலும் கழுத்திலும் கிடந்தவற்றை வைத்து ஓடியது. அக்கா கடைசி வகுப்புக்கு வந்தபோது விற்பதற்கு மஞ்சள் கயிறுதான் பாக்கி. அப்போது எனக்கு எட்டு வயது. மாதா கோயிலில் அம்மாவுக்கு ஒரு புது ஜோடி பழக்கமானது. மாப்பிள்ளை பஸ் கண்டக்டர், ஓரியூர்ப் பக்கத்து ஆள். கல்யாணமாகி மூன்று மாசம். காலனியில் ஒரு கண்டக்டருக்கு யார் வீடு கொடுப்பார்கள்? எங்கள் பின்னறையை அவர்களுக்கு விட்டு, வாடகையைப் பாதிப் பாதியாகக் கொடுப்பது என்று அம்மா ஏற்பாடு செய்தாள்.

இதில் ஒரு சிக்கல் இருந்தது. வீட்டுக்கார அம்மா அடுத்த வீட்டிலேயே இருந்தார். ஒரு வக்கீலின் விதவை. நாங்கள் குடிவந்த அன்றைக்கே, “இந்த வீட்டுல ஒரு அடுப்புதான் எரியணும். ரெண்டு அடுப்பு எரிஞ்சா ரெண்டு குடும்பம். ரெண்டு குடும்பத்துக்கு எங்கெணறு தாங்காது” என்று கறாராகச் சொல்லியிருந்தார். வடகம் காயவைக்க மாடிக்குப் போகும்போதெல்லாம் எங்கள் கூரையில் எத்தனை புகை என்று பார்ப்பார். அதனால் இரண்டு பெண்களும் ஒரே அடுப்பில் முறை வைத்துச் சமைத்தார்கள்.

அவர்கள் சாமானை இறக்கிய அன்று அம்மா என்னைக் கூப்பிட்டு, “இனிமே இவுக எனக்குக் கூடப்பொறந்த தங்கச்சி. நீ சித்தின்னு கூப்புடணும்” என்றாள். சித்தி கிடைத்ததில் எனக்குச் சந்தோஷம். அவர் என் தலையில் பூ வைத்துவிடுவார்.

அய்யா சனிக்கிழமைதான் பாம்பனிலிருந்து வருவார். அந்தச் சனிக்கிழமை அவர் வாசலில் கால் வைக்குமுன் வீட்டுக்கார அம்மா மறித்து, காக்கிச்சட்டை போட்ட ஆள் யார் என்று கேட்டிருக்கிறார். ஜோடி வரப்போவது அய்யாவுக்குத் தெரியும், உறவு என்னவென்று அம்மா இன்னும் சொல்லியிருக்கவில்லை. அய்யா தானாகவே சமாளித்து, “என் மச்சினன்” என்று சொல்லிவிட்டார். உள்ளே வந்து என்னிடமும் பெருமையாக, “யாராச்சும் கேட்டா மாமான்னு சொல்லு” என்றார். அம்மா அப்போது கிணற்றடியில் இருந்தாள். ஞாயிறு சாயங்கால வண்டிக்கு அய்யா கிளம்பிப் போய்விட்டார். ஒருவர் சொன்னதை இன்னொருவரிடம் சொல்ல எனக்குத் தோன்றவில்லை. இரண்டு பேர் சொன்னதையும் நான் அப்படியே கேட்டு நடந்தேன். நல்ல பிள்ளை.

நாலைந்து நாள் கழித்து வீட்டுக்கார அம்மா மதில்மேல் எட்டிப் பார்த்து என்னைக் கூப்பிட்டார். அவித்த பனங்கிழங்கு ஒன்றை உரித்தபடியே, “கண்டக்டரு ஒனக்கு என்ன வேணும்?” என்றார்.

“மாமா.”

“மாமான்னா?”

“எங்கம்மாவோட கூடப்பொறந்த தம்பி.” கேட்காததையும் சேர்த்துச் சொன்னேன்.

“அந்தப் பொண்ணு?”

“சித்தி. எங்கம்மாவோட கூடப்பொறந்த தங்கச்சி.”

உரித்துக்கொண்டிருந்த கை நின்றது. அவர் ஒரு விரலை மடக்கினார், இன்னொரு விரலை மடக்கினார், இரண்டையும் சேர்த்துப் பார்த்தார். கிழங்கை என்னிடம் கொடுக்கவே இல்லை. நேரே எங்கள் அடுப்படிக்கு நடந்தார். நானும் கிழங்குக்காகப் பின்னாலேயே போனேன்.

“ஏம்மா, ஒந் தம்பியும் ஒந் தங்கச்சியும் புருசன் பொண்டாட்டியாவா இருக்காக? ஒங்க வேதத்துல அதுக்கெல்லாம் இடமிருக்கோ?”

சித்தி வாயைப் பொத்திக்கொண்டு அப்படியே உட்கார்ந்துவிட்டார். அம்மா என்னைத் திரும்பிப் பார்த்தாள். இன்றைக்கு முதுகு பழுத்துவிடும் என்று நினைத்தேன். அவள் எரிகிற விறகை வெளியே இழுத்து வைத்தாள். கையைத் துடைத்துக்கொண்டு எழுந்து நின்றாள்.

“பொய்தாம்மா. அவுக எனக்கு ஒறவு இல்ல. வாடகை குடுக்க முடியலன்னு நாந்தான் கூட்டியாந்து வச்சேன்.”

“அப்ப மாசம் பொறந்ததும் வீட்டக் காலி பண்ணு.”

“பண்ண மாட்டேன்.”

அந்த வார்த்தையை வீட்டுக்கார அம்மா எதிர்பார்க்கவில்லை. “என்ன சொன்ன?” என்றார்.

“பங்குனியில மகளுக்குப் பரீட்ச. அது முடியிறமட்டும் எறங்க மாட்டேன். சாமானத் தூக்கி வெளிய போட்டீகன்னா இங்கன ஒங்க வாசல்லயே ஒக்கார வச்சுப் படிக்க வப்பேன். தெருவெளக்குதான் எரியுதுல்ல.”

குரலை உயர்த்தாமல்தான் சொன்னாள். ஆனால் சொன்னபடி செய்கிறவள் என்பது அந்த முகத்தைப் பார்த்த யாருக்கும் தெரியும். வீட்டுக்கார அம்மா கையிலிருந்த கிழங்கைத் தானே ஒரு கடி கடித்தார். அப்புறம் வக்கீல் வீட்டு மூளை வேலை செய்தது. “சரி, இருந்துக்க. அவுகளும் இருக்கட்டும். ஆனா பின்னறை வாடகைய அவுக எங்கையில குடுக்கணும். நீ பழையபடி முழு வாடகை குடுக்கணும். சம்மதமா?”

“சம்மதம்.”

“எப்படிக் குடுப்ப?”

“அது எம்பாடு.”

அவர் போனபிறகும் எனக்கு அடி விழவில்லை. அந்த வாரம் அய்யா வந்ததும் அம்மா கிணற்றடியில் வைத்து அவரைப் பிடித்துக்கொண்டாள். “சகலைன்னு சொல்லித் தொலச்சிருக்கக் கூடாதா?” என்று கேட்டது எனக்குக் கேட்டது. அய்யா தலையைச் சொறிந்துகொண்டு நின்றார். அதற்குப் பிறகு இரண்டு பேரும் தணிந்த குரலில் வெகுநேரம் பேசினார்கள்.

மறு திங்கட்கிழமையிலிருந்து அம்மா தினமும் காலைப் பூசைக்குப் போக ஆரம்பித்தாள். விடியுமுன் கிளம்பிப் போய், நாங்கள் பள்ளிக்கூடம் புறப்படுகிற நேரத்துக்கு வந்துவிடுவாள். “அக்கா பாஸாகணும்னு நேர்ச்ச. பரீட்ச முடியிறமட்டும் ஒருநா விடமாட்டேன்” என்றாள். எனக்குப் பெருமையில் தலைகால் புரியவில்லை. காலனியில் வேறு யார் வீட்டு அம்மா தினமும் பூசை பார்க்கிறாள்? பள்ளிக்கூடத்தில் சிஸ்டர்களிடம் போய்ச் சொன்னேன், வீட்டுக்கார அம்மாவிடம் மதில்மேல் எட்டிச் சொன்னேன். என்னையும் கூட்டிப் போகச் சொல்லி அழுதும் பார்த்தேன், நடக்கவில்லை. ஞாயிற்றுக்கிழமை எல்லோரும் சேர்ந்து பூசைக்குப் போனால், வாரம் பூராவும் பூசை பார்த்த அம்மா சுவரில் சாய்ந்து தூங்கினாள். அதைப் பற்றியும் நான் எதுவும் யோசிக்கவில்லை.

அக்கா பாஸாகி, டீச்சராகி, கையில் சம்பளம் வாங்கின பிறகுதான் எனக்கு விஷயம் தெரிந்தது. பாம்பனில் அய்யா கரையில் மீன் எடுத்து, கூடையில் கட்டி, முதல் ரயிலில் ஏற்றிவிடுவார். அம்மா ஸ்டேஷனில் அதை இறக்கி, டவுனின் மறுகோடியில், காலனிக்காரர் யாரும் வராத சந்தில் உட்கார்ந்து விற்றுவிட்டு வருவாள். எங்கள் காலனிக்குள் மீன்காரிகள் கூடையோடு நுழையக்கூடாது. நுழைந்தால் வாட்ச்மேன் விரட்டுவான். அப்படிப்பட்ட தெருவில் ஒரு மீன்காரி குடியிருக்கிறாள் என்று தெரிந்தால் மறுநாளே சாமான் வெளியே வந்திருக்கும். சித்திக்கும் அக்காவுக்கும் முதலிலேயே தெரியும். என் வாயை நினைத்து எனக்கு மட்டும் சொல்லவில்லை. சொல்லாததும் நியாயம்தான்.

அக்காவின் பரீட்சைக்கு முந்தின மாசி மாசத்தில் ஒருநாள் நடந்தது இது. அம்மா பூசையிலிருந்து வந்ததும் வராததுமாக எனக்கு ரிப்பன் கட்டக் குனிந்தாள். நான் முகத்தைத் திருப்பிக்கொண்டேன்.

“அம்மா, ஒம்மேல மீன் நாத்தம்.”

அடுப்படியில் சித்தி கையிலிருந்த கரண்டியோடு நின்றுவிட்டார். அம்மா ரிப்பனை விடவில்லை.

“கோயில்ல பக்கத்துல ஒரு மீன்காரி ஒக்காந்திருந்தா” என்றாள்.

“அவ பக்கத்துல ஏன் ஒக்காந்த? தள்ளிப் போக வேண்டியதுதான?”

“அவளுக்கும் ஒரு மக படிக்குதாம். அதுக்காக வேண்டிக்க வாரா.”

“வேண்டட்டும். குளிச்சிட்டு வந்து வேண்டச் சொல்லு.”

அம்மா முடிச்சை இறுக்கிக் கட்டினாள். “சொல்லுறேன்” என்றாள்.

மறுநாள் காலையில் அந்தப் பனியிலும் அம்மா தலையில் ஈரத்தோடு வந்தாள். கிட்டத்தில் போய் மோந்து பார்த்தேன். எலுமிச்சம்பழ வாசம் அடித்தது. மீன் வாசம் துளியும் இல்லை. நான் சொன்னபடி அந்த மீன்காரி குளித்துவிட்டு வந்திருக்கிறாள் என்று எனக்கு அன்றைக்கு ரொம்பத் திருப்தி.